ஒரு வாடையும் வரல

பேராசிரியர் ஹாஸ்கெட்டின் ஆய்வகத்தில் பூண்டு நாற்றம் அடிக்காமல் யாரும் டாக்டர் பட்டம் வாங்கியதில்லை. பூண்டைத் தின்று வரும் நாற்றம் இல்லை இது. டெல்லூரியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது. பார்க்க வெள்ளி மாதிரி மினுக்கிக்கொண்டு, பரம சாதுவாகக் கிடக்கும். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு உடம்புக்குள் போனால் போதும், மூச்சிலும் வியர்வையிலும் பூண்டு வாடை ஏறிக்கொள்ளும். பல்லைத் தேய்த்தாலும் போகாது, தோலைத் தேய்த்தாலும் போகாது. சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கூடவே குடியிருக்கும். இதில் பெரிய வேடிக்கை, நாறுகிற ஆளுக்கு மட்டும் அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அதே ஆய்வகத்து ஆளாக இருந்தால் அதற்கும் வழியில்லை.

ஐலி சால்மேலா அங்கே கடைசி வருஷ மாணவி. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில், ஆய்வகம் இருக்கும் அதே ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆலைப் புகைபோக்கிகளில் வீணாகப் போகிற சூட்டை மின்சாரமாக மாற்றித் தரும் ஒரு கலவையைச் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. பிஸ்மத்தையும் டெல்லூரியத்தையும் கல்வத்தில் போட்டு அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, உலையில் சுட்டு, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு மின்சாரம் என்று அளக்க வேண்டும். சொல்வதற்கு இட்லி சுடுகிற மாதிரிதான் இருக்கும். செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உலையைத் திறந்தால் பாதி நாள் விரிசல் விட்ட வில்லைதான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இயந்திரத்தில் போட்டு அரைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கையால் அரைத்தால் வந்தது. அதுவும் எல்லோர் கைக்கும் வரவில்லை. கூடப் படிக்கும் டோபின் அரைத்தால் வில்லை உடைந்தது, ஐலி அரைத்தால் நின்றது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. பொடி பதத்துக்கு வந்துவிட்டதை அவள் விரல் அறிந்தது, அவ்வளவுதான். ஆய்வேட்டில் அப்படியெல்லாம் எழுத முடியாது என்பதால், 'சீராக அரைக்கப்பட்டது' என்று எழுதி வைத்திருந்தாள்.

அரைப்பதெல்லாம் ஒரு பெட்டிக்குள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஆர்கான் வாயு. கண்ணாடியில் பொருத்திய நீளமான ரப்பர் கையுறைகளுக்குள் தோள்வரை கையை விட்டு, உள்ளே இருக்கும் கல்வத்தைப் பிடித்து அரைக்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது என்று உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள். அதனால் யாரும் இல்லாத நேரத்தில் அந்தக் கையுறைகள் வெளிப்பக்கமாக உப்பி, விறைத்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். பெட்டி எங்கேயாவது ஓட்டையானால் சொல்வதற்கு ஓர் ஆக்சிஜன் மீட்டரும் உண்டு. கோடையிலேயே அது செத்துப்போயிருந்தது. புதிது வரும் என்று ஹாஸ்கெட் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மீட்டர் என்ன மீட்டர்? நமக்குத்தான் டார்லீன் இருக்காளே," என்பார்.

டார்லீன், துறை அலுவலகத்தின் செயலாளர். அறுபதைத் தாண்டிய மனுஷி. அந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் முதலில் மூக்கில் வியர்ப்பது அவளுக்குத்தான், அதுவும் நிஜமாகவே. யாருக்குப் பூண்டு வாடை ஏறியிருக்கிறதோ அவர் அலுவலகத்துக்குள் காலை வைத்ததும், டார்லீன் தலையைக்கூட நிமிர்த்தாமல், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். டப்பா வெளியே வந்துவிட்டதென்றால் ஆய்வகத்தில் வேலை நிற்கும். கையுறையைக் கழற்றி ஊதிப் பார்ப்பார்கள், ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், புதிது மாட்டுவார்கள். ஹாஸ்கெட்டே மாணவராக இருந்த காலத்திலிருந்து அந்தக் கட்டடத்தில் இதுதான் நடைமுறை. பாதுகாப்பு அதிகாரி சுவரில் ஒட்டிவிட்டுப் போன அட்டவணையை யாரும் பார்த்ததில்லை. மிட்டாய் டப்பாவைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

போன வசந்தத்தில் ஐலிக்கும் டப்பா நீட்டப்பட்டது. அப்போது கையுறையில் ஓட்டை. கணவன் ஜோயல் தலையணையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டான்.

"உன்னைக் கட்டிக்கிட்டேனா, இல்ல பீட்சா கடையைக் கட்டிக்கிட்டேனா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. பட்டம் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்தது. மூளைக்காரர்களின் முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும், நாற்றத்தையும் பதக்கமாகக் குத்திக்கொள்வார்கள்.

ஜோயல் இரும்புத்தாது ஏற்றும் ஏரிக்கப்பலில் வேலை பார்க்கிறான். செப்டம்பர் கடைசியில் விடுப்பு முடிந்து கப்பலேறினான். இனி ஜனவரியில் ஏரி உறைந்து கப்பலைக் கரையில் கட்டிப் போடும்போதுதான் வீடு. அவன் போன பிறகுதான் ஐலிக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. போனில் சொன்னபோது அவன் போட்ட கூச்சல் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"சரக்கு எப்படி இருக்கு?"

"சரக்கு நல்லாதான் இருக்கு. தூக்குறவதான் வாந்தி எடுத்தே செத்துக்கிட்டிருக்கா."

"பத்திரமாக் கொண்டாந்து சேர்த்துடு தாயி. நடுவுல எங்கயும் தரை தட்டிடாத."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. டெல்லூரியம் வரும் புட்டியில் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும், 'கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யலாம்' என்று. அத்தனை வருஷமாக அந்தப் புட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். இப்போதுதான் அந்த வரியைப் படித்தாள்.

மறுநாளே ஹாஸ்கெட்டிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனாள். அவருடைய அறைக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். மாணவர்கள் அவரை லோர்ன் என்று முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"லோர்ன், ஒரு விஷயம் பேசணும்."

"கெட்ட விஷயம்னா நாளைக்கு வா. நல்ல விஷயம்னா வில்லையோட வா." அவர் நல்ல குஷியில் இருந்தார். "உக்காரு, உக்காரு. உன் கையைப் பத்திதான் நேத்து எங்க வீட்ல பேசிக்கிட்டிருந்தேன். நம்ம கலவையையே இன்னொரு இடத்துலயும் பண்ணிக்கிட்டிருக்காங்க, தெரியுமில்ல? கோடைக்குள்ள வெளியிட்டுருவாங்க. எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு மின்சாரம்ங்கற அந்த நம்பர் ஜனவரிக்குள்ள நமக்கு வந்தாகணும் ஐலி. வந்துதுன்னா வசந்தத்துல நீ டாக்டர்."

"வரலன்னா?"

"வரலன்னா டோபின் கையில கொடுத்துட்டு நீ வேற ஏதாவது எழுது. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். என்ன பண்றது?" அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "சரி, என்னமோ சொல்ல வந்தியே?"

ஐலிக்குக் கொரின் ஞாபகம் வந்தது. கொரின் அவளுக்கு மூத்த மாணவி. உண்டானதும் முறைப்படி போய்ச் சொன்னாள். விதிப்படி அவளை ஆய்வகத்திலிருந்து மேசை வேலைக்கு மாற்றினார்கள். அவள் வேலை இன்னொருவன் கைக்குப் போனது, அவன் பட்டம் வாங்கிக்கொண்டு போனான். கொரின் இப்போது ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறாள். யாரும் அவளுக்கு அநியாயம் செய்யவில்லை. எல்லோரும் அவளுக்கு நல்லதுதான் செய்தார்கள்.

"ஒண்ணுமில்ல. பனி ஜாஸ்தியானா நான் கொஞ்சம் லேட்டா வருவேன்னு சொல்ல வந்தேன்," என்றாள் ஐலி.

பெட்டி இறுக்கமாக இருக்கும்வரை பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், போனில் ஜோயலிடமும் அதையே சொன்னாள். குழந்தைக்கும் டெல்லூரியத்துக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறது, ரப்பர் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் டப்பா வெளியே வந்துவிடும். வந்த நிமிஷமே சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். அதுவரை ஓட்டலாம். இப்படி ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின் மேல் வயிற்றுப் பிள்ளையை ஏற்றி வைத்தாள். அவளைத் திட்டுவது சுலபம். அவ்வளவு வருஷ உழைப்பு வாசலுக்கு வந்து நிற்கும்போது கதவைச் சாத்த யாருக்கு மனசு வரும்?

அன்றிலிருந்து காலையில் ஆய்வகத்துக்குப் போகுமுன் டார்லீனைப் பார்ப்பது வழக்கமானது. ஸ்டேப்ளர் வேண்டும் என்பாள், தபால் வந்ததா என்பாள். மேசைமேல் கையை ஊன்றி, டார்லீன் முகத்துக்கு நேராக மூச்சை விட்டுப் பேசுவாள். டார்லீன் கொஞ்சநாள் காய்ச்சலில் விடுப்பெடுத்துக் கிடந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மற்றபடி அதே டார்லீன்.

"இன்னிக்கு முகம் பளபளன்னு இருக்கே கண்ணு, என்ன விசேஷம்?" என்பாள். இழுப்பறைப் பக்கம் கை போகாது. ஐலிக்கு உயிர் வரும்.

நவம்பரில் பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள் தாழ்வாரம் முழுக்கத் தீய்ந்த நெடி. ஐலி மூக்கைப் பொத்திக்கொண்டு அலுவலகத்துக்குள் ஓடினாள். காபி பாத்திரம் சூட்டுத்தட்டின் மேல் வற்றிக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குக் கைநீட்டும் தூரத்தில் டார்லீன் உட்கார்ந்து கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"டார்லீன்! ஆபீஸையே கொளுத்தப் போறீங்களா?"

டார்லீன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். "அட ஆண்டவா! நல்லவேளை நீ வந்தே கண்ணு. இந்தச் சனியன் பிடிச்ச கம்ப்யூட்டர்ல தலையை விட்டா எனக்கு உலகமே மறந்துடுது."

இரண்டு பேரும் சன்னலைத் திறந்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். ஐலி பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள். அப்புறம் அதை மறந்தும் போனாள். பின்னால் எத்தனையோ தடவை அந்தக் கருகிய பாத்திரத்தை அவள் நினைக்கப் போகிறாள். ஆனால் அன்றைக்கு அது சிரிப்புக்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

டோபின் நல்ல பையன். மாலை வேளைகளில் அதே பெட்டியில் அவனும் வேலை செய்தான். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

"நீ காபி குடிக்கறதில்ல, பீர் தொடறதில்ல, சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கும் வரதில்ல. என்ன, சாமியாராப் போகப் போறியா?" என்றான் ஒரு நாள்.

"ஆய்வேடு எழுதறவளுக்கு ஏதுடா சனிக்கிழமை? உன் கதையைச் சொல்லு. அந்த நர்ஸ் பொண்ணு என்ன ஆச்சு?"

"போயிட்டா." டோபின் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முத்தம் கொடுக்கப் போனா மூஞ்சியைத் திருப்பிக்கறா. நான் என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?"

"உங்க வீட்ல கண்ணாடியே கிடையாதா?"

அவன் ரொட்டியின் ஓரத்தை அவள்மேல் எறிந்தான். அந்த நர்ஸ் எதற்காக முகத்தைத் திருப்பினாள் என்று இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

டிசம்பரில் மருத்துவமனைக்குப் போனபோது, வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த பெண் பேசிக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். பிறகு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எல்லா இடத்துலயும் சளி," என்று சொல்லிச் சிரித்தாள். திரையில் கைக்கட்டைவிரல் அளவுக்கு ஒரு தலை அசைந்தது. ஐலி அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்ததால் நாற்காலியைக் கவனிக்கவில்லை. கடையில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிழவர் வேறு வரிசைக்குப் போனார். பக்கத்து வீட்டு நாய், எப்போதும் மேலே விழுந்து நக்கும் நாய், வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு படியிலேயே நின்றது.

இதில் எதுவும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் பூண்டு வாங்குவதையே அவள் நிறுத்தியிருந்தாள், மசக்கையில் அந்த வாடையே குடலைப் புரட்டியது. கண்ணாடிக் கோப்பைக்குள் மூச்சை ஊதி முகர்ந்து பார்ப்பாள். உள்ளங்கையை வாயில் பொத்தி முகர்ந்து பார்ப்பாள். எதுவும் தெரியாது. தெரியாது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் பார்ப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. பெட்டியின் ரப்பர் கையுறை தடிமனானது. அதற்கு உள்ளே மெல்லிய கையுறை ஒன்றைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதையும் போட்டால் விரலுக்குப் பதம் பிடிபடவில்லை. ஒரு வில்லை விரிசல் விட்டது, இன்னொன்றும் விட்டது. ஜனவரி நெருங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை ரப்பருக்குள் விட்டாள். மறுநாள் வில்லை முழுசாக நின்றது. அதற்குப் பிறகு அவள் அதைப் போடவே இல்லை. வலது கையின் விரலிடுக்குகளில் லேசாக நீலம் பாரித்தது. குளிர் என்று நினைத்து க்ரீம் தடவிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் அவளால் தாங்க முடியவில்லை. அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். டார்லீன் சின்ன மரத்திலிருந்து அலங்கார விளக்குகளைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டார்லீன், ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்." கதவைச் சாத்தினாள். "கிட்ட வாங்க. நான் நாறுறேனா?"

டார்லீன் விளக்குச் சரத்தைக் கீழே வைத்தாள். ஐலியின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, மூக்கை விடைத்து, கடமை தவறாமல் மூச்சை இழுத்தாள். ஒரு கணம் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

"எனக்கு ஒரு வாடையும் வரல கண்ணு," என்றாள்.

ஐலி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். டார்லீன் பதறிப்போய் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "என்னடி இது, நாறலன்னு சொன்னதுக்கா அழுவே? உங்க ப்ரொபசர் உங்களையெல்லாம் கொன்னுடுவான் போலிருக்கே," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐலி விடுமுறையெல்லாம் அரைத்தாள். கட்டடம் காலியாகக் கிடந்தது. வெளியே பனி சன்னல் பாதிவரை ஏறியிருந்தது. அவள் காலையில் வந்து கல்வத்தைப் பிடித்தால் இருட்டின பிறகுதான் வீட்டுக்குப் போவாள். குழந்தை முதல் முறையாக அசைந்ததும் அங்கேதான், கை இரண்டும் பெட்டிக்குள் இருக்கும்போது. உள்ளே மீன் துள்ளின மாதிரி இருந்தது. கையை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்க்க ஆசை. ஆனால் பொடி பதத்தில் நின்றது, விட்டால் போய்விடும். அரைத்து முடித்துவிட்டுத்தான் கையை உருவினாள். உருவின கையை நேராகக் கொண்டுபோய், ஸ்வெட்டருக்குள் விட்டு, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி நடுவில் அந்த நம்பர் வந்தது. சரியாகச் சொன்னால் எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்தது. டோபின் அவளைத் தூக்கிச் சுற்றப் போனான், அவள் அலறிக்கொண்டு விலகினாள். ஹாஸ்கெட் அளவுமானியை மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் சால்மேலா," என்று கையை நீட்டினார். அவருக்கும் இது எத்தனையோ வருஷக் கனவு. திங்கட்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஐலி முடிவு செய்தாள். இனி பெட்டிப் பக்கமே போக வேண்டியதில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவள் போட்ட கணக்கு ஜெயித்துவிட்டது.

அன்று மதியமே ஜோயலும் வருகிறான். வழியில் கடையில் நிறுத்தி, அவனுக்குப் பிடித்த, இறைச்சி அடைத்த பேஸ்டிகளை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அவற்றைச் சூடாக இருக்கட்டும் என்று அடுப்பில் வைத்துவிட்டு, சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நல்ல சேதி: நம்பர் வந்துவிட்டது, இனி பெட்டிப் பக்கம் போக வேண்டாம். எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

கதவு திறந்த சத்தத்தில் விழித்தாள். ஜோயல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனிபடிந்த தாடியோடு நின்றான்.

"எழுந்திருக்காத, எழுந்திருக்காத! சரக்கு அசையக் கூடாது." மூட்டையைக் கீழே போட்டான். காற்றை இழுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஆஹா! கார்லிக் பிரெட்டா? கப்பல்ல அந்தச் சமையல்காரன் ரெண்டு வாரமா வெறும் அவிச்ச உருளைக்கிழங்கைப் போட்டே கொன்னுட்டான். புண்ணியவதி!"

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்பங்கரைக்குப் போனான். அடுப்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வெறும் பேஸ்டிதான் இருக்கு," என்றான் அங்கிருந்து. "பிரெட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

ஐலி போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் திரும்பி வந்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் பாதி கழன்றிருந்தது. சோபாவை நெருங்க நெருங்க அவன் நடை தளர்ந்தது. போன வசந்தத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். அந்த வாடையை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐலி," என்றான். "நீ அந்தப் பெட்டி இறுக்கமா இருக்குன்னு சொன்னியே."

"இறுக்கமாதான் இருக்கு. டார்லீன் சொன்னா. நானே கேட்டேன். ஒரு வாடையும் வரலன்னு சொன்னா..."

சொல்லும்போதே கருகிய காபி பாத்திரம் கண்முன் வந்தது. தாழ்வாரம் முழுக்க நெடி. அதற்குக் கைநீட்டும் தூரத்தில் டார்லீன். "டார்லீனைக் கூப்பிடு," என்றாள். ஜோயல் அவள் போனை எடுத்து டார்லீன் பெயரைத் தேடி அழுத்தி அவள் காதில் வைத்தான்.

"டார்லீன், அந்தக் காய்ச்சல் வந்துதே. அதுக்கப்புறம் உங்களுக்கு வாசனை தெரியுதா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. யாரையோ போகச் சொல்லி, கதவைச் சாத்தினாள் டார்லீன்.

"யாரு சொன்னா உனக்கு?" குரல் தாழ்ந்துவிட்டது. "தெரியல கண்ணு. அக்டோபர்லேந்து ஒண்ணும் தெரியல. காபியும் ஒண்ணுதான், கழுநீரும் ஒண்ணுதான். திரும்பி வந்துரும்னு டாக்டர் சொன்னாரு, அதான் யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கட்டடத்துல இந்த மூக்காலதானே எனக்கு ஒரு மரியாதை. சும்மா ஒரு விளையாட்டுதானேன்னு விட்டுட்டேன். ஏன் கண்ணு? என்ன ஆச்சு? ஐலி?"

"நான் கேட்டேனே. கிட்ட வந்து மோந்து பாத்தீங்களே."

"நான் பொய் சொல்லலயே," என்றாள் டார்லீன். அழ ஆரம்பித்திருந்தாள். "எனக்கு வரலன்னுதானே சொன்னேன்?"

போன் மடியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து டார்லீன் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஐலி தன் வலது கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலிடுக்குகளில் அந்த நீலம். அது குளிர் இல்லை. வெறுங்கையோடு அரைத்த நாளெல்லாம், உப்பி நின்ற அந்த ரப்பரின் ஏதோ ஓர் ஊசிமுனை வழியாகப் பெட்டி அவள் கைமேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் கொண்டுபோய் வயிற்றின் மேல் வைத்தாள். தினமும் வைத்தாள்.

அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஹாஸ்கெட்டின் மேல் கோபம் வரவில்லை, டார்லீன்மேலும் வரவில்லை. எல்லாம் பிறகு வரும். இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வாடை மூச்சில் மட்டும் வருவதில்லை, உடம்புக்குள் நிறைய ஏறியிருந்தால் தோலிலிருந்தே வரும் என்று அவள் படித்திருந்தாள்.

ஸ்வெட்டரை மார்புவரை தூக்கினாள். வெளுத்த, உருண்ட வயிறு. ஜோயல் இன்னும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எத்தனை நாளாக இதற்காகக் காத்திருந்தான்!

"இங்க பாரு," என்றாள். "இங்கயும் வருதா?"

ஜோயல் பனி உருகி வடியும் தாடியோடு அவள் முன்னால் மண்டியிட்டான். இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வயிற்றில் முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்தான். உள்ளே குழந்தை துள்ளியது. அவன் கன்னத்திலேயே பட்டிருக்கும். அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"சொல்லு ஜோயல்."

"இல்ல," என்றான். "ஒரு வாடையும் வரல."

சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, அப்புறம்தான் மூச்சு விட்டான்.